முருகன் படத்துக்கு முன் ஒரு மஞ்சள் டப்பா

அன்புள்ள மகள் கிருஷ்ணப்பிரியாவுக்கு,

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து அம்மா எழுதுவது. நான் நலம், அப்பாவும் நலம். அப்பாவும் நலம் என்று எழுத வைத்தவளே, அந்த ஜெர்மனிக் குளிரில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. போனில் பேசினால் நீ அழுகிறாய், உன்னைப் பார்த்து நானும் அழுகிறேன், சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் போனை வைத்துவிடுகிறோம், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்துவிட்டோம். ஈறில் ரத்தம் வருவது நின்றுவிட்டது, கையில் இருந்த கருநீலத் திட்டும் மங்குகிறது. பக்கத்து வீட்டு நர்ஸ் ஆக்னஸ் வேலைக்குப் போகும்போது எட்டிப் பார்த்து, மாத்திரையை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாள், அவளுக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

நடந்தது இதுதான். பொங்கலன்று நீ வீடியோ காலில், உங்கள் ஆராய்ச்சியில் மஞ்சளிலிருந்து பிரித்தெடுக்கும் குர்குமினைக் கொடுத்தால் எலிக்குக் கால் வீக்கம் வடிகிறது என்று சொன்னாய் அல்லவா, இவர் எலியை விட்டுவிட்டு வீக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். தன் முட்டி வீக்கத்துக்கு என்று பட்டாபிராமுக்குப் போய் குர்குமின் மாத்திரை டப்பா வாங்கி, சாமி மாடத்தில் முருகன் படத்துக்கு முன் வைத்து, விபூதி பூசி, தினமும் கற்பூரம் காட்டிவிட்டு விழுங்கியிருக்கிறார். நானும் ஏதோ கோயில் பிரசாதம் என்று திறந்துகூடப் பார்க்காமல் துடைத்துத் துடைத்து வைத்தேன். டீக்கடையில் ஏகாம்பரம் அண்ணனிடம், எம்பொண்ணு வேல பாக்குற மருந்துபா, அது நம்மள இன்னா பண்ணிடும் என்று பெருமை வேறு.

காலில் ரத்தம் கட்டியதிலிருந்து, மறுபடி ரத்தம் உறையாமல் இருக்க அவர் சாப்பிடும் மாத்திரையை நாங்கள் இருவரும் நினைக்கவே இல்லை. நீதான் பிறகு ஒரு வீடியோ காலில், டம்ளரை எடுக்க அவர் நீட்டிய கையைப் பார்த்து, அந்தத் திட்டு என்ன, புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று பிடித்துக்கொண்டாய். அவர் மழுப்பினார், நீ விடவில்லை. என்னை வீடு முழுக்கத் தேட வைத்தாய், டப்பாவைக் காட்டியதும் இரண்டும் சேர்ந்தால் ஆபத்து என்று கத்தினாய், ஆக்னஸுக்கும் நீயே போன் போட்டாய், அவள் ஓடிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

இப்போது நீ, என் வாயால்தான் அப்பாவுக்கு இந்தக் கதி, ஆராய்ச்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்கிறாய். பைத்தியக்காரி. அந்தத் திட்டைத் தினமும் பார்க்கிற எனக்கே சுவரில் இடித்துக்கொண்டார் என்றுதானே தோன்றியது. நீ அந்த வேலையில் இல்லாவிட்டால் யாருக்குச் சந்தேகம் வந்திருக்கும்? அவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தவள் நீ. மகளுக்கு அம்மா நன்றி சொல்வதா என்று சிரிப்பாய், சிரித்துக்கொள், நான் சொல்லத்தான் செய்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. மனம்போல எல்லாம் நடந்து தீர்க்காயுசாக இரு. ஞாயிற்றுக்கிழமை அழாமல் கூப்பிட வேண்டும், மறக்காதே.

இதுவரை எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். பிறகு, நான் சொல்றத அப்படியே எழுது என்றார். எலிங்களுக்கெல்லாம் குடுத்துப் பாத்துட்டு, மனுசன் துன்னலாம்னு நீ என்னிக்குச் சொல்றியோ, அன்னிக்கு மொத ஆளா நான் கைய நீட்டிகினு நிப்பேன், அதுவரைக்கும் வேலைய உட்டுடாதம்மா.

இப்படிக்கு,
உன் அம்மா ராணி