ஆறு சோழியும் கவிழ்ந்த செவ்வாய்

1973 ஜூன் 4
சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: ஜீவகுமார் ஆகிய எனக்கு இன்று காலை மீசையில் இரண்டாவது முடி முளைத்தது. முதல் முடி நலம்.

அடுத்த செய்தி. வெளிநாட்டில் கம்ப்யூட்டர் கதை எழுதுகிறதாம். நானும் ஒன்று செய்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தறியில் புடவை டிசைனுக்கு ஓட்டை போட்டுக் கழித்த அட்டைகள், ஆறு சோழி. நாற்பது கதைகளில் எந்தச் சம்பவத்துக்கு அடுத்து எது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினேன். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சம்பவம். கீழே, அடுத்து நடக்கக்கூடியவை ஏழு. உருட்டினால் எத்தனை சோழி வாய் மேலே பார்க்கிறதோ, அந்த எண்தான் கதையின் வழி. மூன்று அடிக்கடி விழும், அங்கே சாதாரணம். ஆறு அபூர்வம், அங்கே அதிசயம். பூஜ்யமும் அபூர்வம், அங்கே விபரீதம்.

"சோழி உருட்டினா கம்ப்யூட்டராடா? வேற ஜோலி இல்ல?" என்றான் வகுப்புத் தோழன் முரளீதரன்.
ஜோலி இல்லை, சோழிதான் என்றேன்.

ஜூன் 9
பதினெட்டுக் கதை. ஒன்று மாதிரி ஒன்று இல்லை. அதிசயமாகக் கொட்டுகிறது. என் சோழிக்குக் கள்ளம் தெரியாது.

ஜூன் 12, செவ்வாய்
பக்கத்து வீட்டு அலமு அக்கா வந்தார். அவர் கணவர் அர்ஜுனன் சண்டை போட்டுவிட்டு வீட்டை விட்டுப் போய் நாற்பது நாள்.

"எங்க வூட்டுக்காரரப் பத்தி ஒண்ணு போட்டுப் பாருபா. எல்லாரும் என் தாலியப் பாத்துக்கினே பேசறாங்க."

'வீட்டை விட்டுப் போனவன்' அட்டை. ஆறு: திரும்பி வருகிறான். பூஜ்யம்: ஆற்றங்கரையில் செருப்பு மட்டும் கிடக்கிறது.

உருட்டினேன். ஆறும் வாய் கீழே கவிழ்ந்தன. பூஜ்யம். மறுபடி உருட்டினேன். கவிழ்ந்தன. மூன்றாம் தடவையும். கணக்குப்படி இரண்டரை லட்சத்தில் ஒன்று.

அக்காவுக்கு ஆட்டம் தெரியாது. "வந்துருவாருன்னு விழுந்திருக்குதுக்கா" என்றேன்.

அம்மா பொழுது சாயுமுன் சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை. நாங்கள் சமணர், இருட்டிய பிறகு எங்கள் வீட்டில் சோறு கிடையாது.

ஜூன் 13
அக்கா வாசலில் கோலம். நாற்பது நாளுக்குப் பிறகு. என்ன காரியம் செய்தேன்?

ஜூன் 14
சோழி டப்பாவைத் திறந்தேன். ஆறும் கவிழ்ந்து கிடந்தன. குலுக்கிவிட்டுத் திறந்தேன். அப்படியேதான்.

ஜூன் 15
அர்ஜுனன் அண்ணன் வந்துவிட்டார். தாடி. வெறுங்கால்.

"திருமுக்கூடல் ஆத்தங்கரையில செருப்பக் கழட்டி வெச்சுட்டு பகல் முச்சூடும் உக்காந்திருந்தேன். தண்ணியப் பாத்துக்கினு. அப்புறம் என்னமோ, எழுந்துட்டேன். செருப்ப எடுக்கத் தோணல. வூட்டுக்கு வர தைரியம் வர மூணு நாளாச்சுபா."

என்றைக்கு உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமையாம்.

"உன் மிஷின் பொய் சொல்லலபா" என்று அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார்.

ஜூன் 16
இங்கேயாவது எழுதிவிடுகிறேன். கள்ளம் தெரியாத சோழி என்று பீற்றிக்கொண்டேனே, ஆறு சோழியின் வாயிலும் மெழுகு உருக்கி ஊற்றி முதுகைக் கனமாக்கியவன் நான்தான். எப்படிப் போட்டாலும் வாய் மேலே பார்க்கத்தான், அதிசயமாகக் கொட்டத்தான். அந்தச் சோழி மூன்று தடவை கவிழ எத்தனை லட்சத்தில் ஒன்று? எனக்குக் கணக்கு வரவில்லை.

அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். புதுச் செருப்பு வாங்க, பட்டு நூலால் அண்ணன் காலை அளந்துகொண்டிருந்தார். சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.