பஸ்ரியன் பிந்தி நுழைந்த இடம்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்
வெளியே மைனஸ் பதினொன்று. காலை மருந்து எடுத்தாயிற்று.
கணினியில் எதையோ தேடப்போய், நாற்பது வருடத்துக்குப் பிறகு எங்கள் இசைக்குழுவின் வரலாற்றைக் கண்டேன். 'சாம்பல் திங்கள்', அன்ட்வேர்ப், பெல்ஜியம், 1982–86. ஒரே ஒரு இசைத்தட்டு. போஸ்ட்-பங்க் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். எங்களுக்கு அந்தச் சொல்லே தெரியாது. நாங்கள் பாடிப் பழகிய கராஜில் குளிர், அவ்வளவுதான்.
பாடகி: லீவ. பேஸ் கிற்றார்: பஸ்ரியன், இலங்கை அகதி, 1984க்குப் பின் தகவல் இல்லை.
அதன் கீழே லீவ சொன்ன ஒரு வரி: "அவருடைய கிற்றார் இன்னும் என்னிடம் இருக்கிறது."
பஸ்ரியன் நான்தான்.

பெப்ரவரி 7
அது என்னை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் தந்த கள்ளக் கடவுச்சீட்டில் இருந்த பெயர். இரண்டு வருடம் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தேன். கனடாவுக்கு வழி கிடைத்ததும், ஒருவருக்கும் சொல்லாதே என்றார்கள். சொல்லவில்லை. லீவவுக்கும்.

பெப்ரவரி 11
மூன்றாவது பாட்டில் பேஸ் கிற்றார் ஒரு தாளத் தட்டுப் பிந்தி நுழைவது குழுவின் முத்திரையாம். "துணிச்சலான தெரிவு."
துணிச்சலா? லீவ திரும்பிப் பார்த்துத் தலையசைக்கும்வரை தொடங்கப் பயம். பாடிக்கொண்டே அவள் திரும்ப ஒரு தட்டு ஆகும்.
பயம் மட்டும்தானா?

பெப்ரவரி 13
லீவவுக்குக் கடிதம் எழுதினேன். கிழித்தேன். குடியுரிமை கிடைத்து முப்பத்திரண்டு வருடம் — இன்னும் என்னடா பயம்?

பெப்ரவரி 17, சனி
மகள் நிலாணி மில்லிக்கனில் இருந்து வந்தாள். கணினித் திரையில் இருந்த எங்கள் குழுவின் படத்தைப் பார்த்துவிட்டாள்.
"அப்பா, உது நீங்களா? கலியாண வீட்டில மைக்கைக் கண்டாலே ஒளிக்கிற ஆள்!"
"ஓம்."
"பக்கத்தில ஆர்?"
"பாடினவ."
"பாடினவ மட்டுமோ?"
தேத்தண்ணி போட எழும்பினேன். மனைவி சியாமளா காலமாகி நாலு வருடம். அவளுக்கும் இதை நான் சொன்னதில்லை.
நிலாணிக்கு அந்தக் கடவுச்சீட்டையும் கிழித்த கடிதத்தையும் பற்றிச் சொன்னேன். போகும்போது அவள் சொன்னாள்: "எழுதுங்கோ அப்பா. உங்கள ஒருத்தரும் இனி திருப்பி அனுப்பேலாது."

பெப்ரவரி 18
லீவவுக்கு அனுப்பிவிட்டேன், அந்த இணையப் பக்கத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு. நான்கே வாக்கியம். என் பெயர் சண்முகநாதன். பிந்தியது துணிச்சலால் அல்ல, நீ திரும்புவதற்காகக் காத்திருந்ததால். சொல்லாமல் போனதற்கு மன்னித்துக்கொள். கீழே என் தொலைபேசி இலக்கம்.

பெப்ரவரி 24
பதில் இல்லை. மூன்றாவது வாக்கியத்தை முதலில் வைத்திருக்க வேண்டும்.

பெப்ரவரி 27
காலை பத்தரைக்குத் தொலைபேசி. அங்கே மாலை நாலரை.
"பஸ்ரியன்?"
குரல் தடித்துப்போயிருந்தது. எனக்கு உடனே பேச்சு வரவில்லை. அவள் வைத்துவிடவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. இந்த முறை காத்திருந்தது அவள்.
"ஓம்" என்றேன், தமிழில்.
"இப்பவும் பிந்தித்தான்" என்றாள், அவளுடைய மொழியில். எனக்கு விளங்கியது.