கண்ணாடியில் ஏறிய மீன்

திருத்தணி
30-1-83

சௌபாக்கியவதி வரலட்சுமிக்கு,

உன் நைனா பரந்தாமன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே கரண்ட் இருக்கும்போது தறி ஓடுகிறது, படி ஏறாதவரை உன் அம்மாவின் முழங்கால் சும்மா இருக்கிறது, மற்றபடி சுகம். மாப்பிள்ளைக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் என் நமஸ்காரத்தைச் சொல். அங்கே எல்லோரும் தெலுங்கும் மராட்டியும் படிக்கிறவர்கள், தமிழ்க் கடிதம் உனக்கு மட்டும்தான். அதனால் நீதான் படித்துச் சொல்ல வேண்டும்.

நீ விட்டுப்போன மீன் ஆறும் உயிரோடு இருக்கின்றன. நான் சொல்வதை நீ நம்பத்தான் வேண்டும், ஏனென்றால் அவை நகர்ந்து நான் பார்ப்பதே அபூர்வம். காலேஜ் டூரில் பாபநாசம் பக்கம் போன பெண்கள் எல்லாம் அல்வா வாங்கி வந்தார்கள். நீ மலையோடையில் இறங்கி, தூக்குச்சட்டியில் கல்லொட்டி மீன் பிடித்து வந்தாய். யாரையாவது கூப்பிட்டுக் காட்டினால், தொட்டியில் கல்தானே இருக்கிறது, மீன் எங்கே என்று கேட்கிறார்கள்.

உன் அம்மா ஒரு காரியம் செய்துவிட்டாள். தை கிருத்திகைக்கு வீடு கழுவினவள், தொட்டிக்குள் இருந்த கல்லையெல்லாம் வெளியே எடுத்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வெளுப்பாக்கி வைத்துவிட்டாள். பிறகு சரவணப் பொய்கையில் போடுவது போலப் பொரி போட்டாள். பொரி மிதந்துகொண்டே இருக்கிறது, ஒன்றும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வயிறு ஒட்டின மாதிரி எனக்குத் தெரிகிறது. என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுது.

ஆடிக்கு வந்தபோது உன் இடது காது வீங்கியிருந்ததே, இப்போது சரியாகிவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். உன்னைத் திரும்பச் சோலாப்பூருக்குக் கொண்டுவந்து விட்டபோது, குண்டக்கல் தாண்டி ரயிலில் நீ சொன்னதை நான் மறந்துவிட்டதாக நினைக்காதே. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கைநீட்டுகிற ஆண்பிள்ளை எந்த வீட்டில் இல்லை, ஒரு குழந்தை பிறந்தால் அடங்கிவிடுவார் என்று அன்று சொன்னேன். இன்றும் அதையே சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

உன் நைனா
பரந்தாமன்

திருத்தணி
17-4-83

சௌபாக்கியவதி வரலட்சுமிக்கு ஆசீர்வாதம்.

மாசி மாதம் நீ எழுதின கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. நான் இரண்டு கார்டு போட்டேன். தபால்காரரைக் கண்டால் நான் எழுந்து நிற்பது அவருக்கே சங்கடமாகிவிட்டது, இப்போதெல்லாம் எதிர்ச்சாரியில் போகிறார்.

அந்த இன்லண்ட் கடிதத்தில் மடிப்பைக்கூட விடாமல் எழுதியிருந்தாய். அத்தனையும் மீன். கல்லில் படிகிற பச்சைப் பாசிதான் அதற்குச் சோறு, அம்மா தேய்த்துக் கழுவியது அதன் சோற்றைத்தான் என்று நீ எழுதியதைப் படித்ததும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இப்போது கிணற்றடியில் பழைய அண்டா நிறையக் கல் ஊறுகிறது. வெயில் பட்டுப் பாசி பிடித்ததும் இரண்டிரண்டாக எடுத்துவந்து தொட்டியில் மாற்றுகிறாள். ஒரு கல்லை நான் தெரியாமல் மிதித்துவிட்டேன் என்று காலையில் எனக்குத் திட்டு. எல்லாம் எழுதினாய், காதைப் பற்றி ஒரு வரி இல்லை. அவள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போனால் இரண்டு தறியும் நிற்கின்றன. நீ மூர் மார்க்கெட்டில் வாங்கிவந்த காற்று மோட்டாரும் நின்றுவிடுகிறது. ஓடுகிற தண்ணீரில் பிறந்த மீன், தண்ணீர் நின்றால் தாங்காது என்று நீ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுகிறேன். தறி ஓட்டுகிற கோதண்டம் பார்த்துவிட்டு, இன்னா மொதலாளி, டீக்கடை போட்டுகினீங்களா என்கிறான்.

நேற்று ஒரு மீன் தண்ணீரை விட்டுக் கண்ணாடியில் மேலே ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது. முக்கால் உடம்பு வெளியே. மீனுக்குத் தண்ணீரை விட்டால் வேறு போக்கிடம் ஏது என்று விரலால் மெதுவாக உள்ளே தள்ளிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறியது. மறுபடி தள்ளினேன். இன்று காலையும் அதே கூத்து. உன் பிடிவாதம் அதற்கு வந்திருக்கிறது.

எனக்கும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மலைக்குப் போகலாம் என்று படி ஏறினால் பாதியில் திரும்பிவிடுகிறேன். சோற்றில் கை வைத்தால் தறிக்கொட்டகை ஞாபகம், அங்கே போனால் தொட்டி ஞாபகம். பம்பாய் மெயில் போகிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நிற்கிறேன். அதில் யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். வெயில்தான் காரணமாக இருக்கும்.

இரண்டு வரி எழுது. மீனைப் பற்றி வேண்டாம், உன்னைப் பற்றி எழுது.

உன் நைனா

திருத்தணி
26-4-83

என் கண்ணு வரலு,

மீன் செத்துப்போய்விட்டது. ஏறி ஏறி வந்ததே, அதுதான். நேற்று மறுபடி தள்ளினபோது அது எதையும் பற்றிக்கொள்ளவில்லை. மல்லாந்து அடியில் போய்ச் சேர்ந்தது.

உன் கல்யாணத்தன்று, கிளம்புகிற அவசரத்தில், மீனைப் பார்த்துக்கொள்ளும் விதத்தை எழுதின ஒரு நோட்டை என் கையில் கொடுத்தாய். அதைப் பிரிக்காமலே சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து இன்றுதான் எடுத்துப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கோடும் போட்டிருக்கிறாய். நைனா, மீன் கண்ணாடியில் ஏறினால் விளையாட்டு என்று நினைக்காதே, உள்ளே அதனால் இருக்க முடியவில்லை என்று அர்த்தம், தள்ளிவிடாதே, தண்ணீரை மாற்று என்று.

தொட்டியண்டை உட்கார்ந்து அழுதேன் வரலு. ஒரு மீனுக்காக மொதலாளி இப்படி அழுகிறாரே என்று கோதண்டம் பயந்துபோய்விட்டான். மீனுக்காக இல்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது.

அந்த வூட்டுக்கு இன்னொரு தபா போ சொல்லாத நைனா என்று ரயிலில் சொன்னாய். நான் உனக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். சோலாப்பூரில் இறங்கி உன் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் அந்த வாசலில் வைத்தேன். அவர்கள் பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று வேறு சொன்னேன். நீ வீங்கின காதோடு எனக்குப் பரிமாறினாய்.

அங்கே தமிழ் படிக்கிறவள் நீ ஒருத்திதான். நான் எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம், அம்மா கேட்கச் சொன்னாள் என்று ஒளிந்துகொள்ளாமல் கேட்டிருக்கலாம். நான் மீனைப் பற்றிக் கேட்டேன், நீ மீனைப் பற்றிப் பதில் எழுதினாய். ஒரு தடவை சொல்லிக் கேட்காதவனிடம் மறுபடி எதைச் சொல்வாய்.

என் தம்பி வேதாசலம் வந்து, கட்டிக்கொடுத்த பெண்ணைக் கூட்டிவந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று ஆரம்பித்தான். நல்லவேளையாகக் கரண்ட் வந்தது. தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். நாள் பார்த்துப் போகலாமா என்று உன் அம்மாவைக் கேட்டதற்கு, நாளும் பாக்க வேணாம், ஒண்ணும் பாக்க வேணாம், போயி இட்டுகினு வாங்க என்றாள். ஆடிக்குப் பிறகு உன்னைப் பற்றி அவள் என்னிடம் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை.

அடுத்த செவ்வாய், மே மூன்றாம் தேதி பகலுக்குள் அங்கே இருப்பேன். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வர வேண்டும். துணிமணி எடுத்து வைக்காதே, கண்டால் சந்தேகப்படுவார்கள். சீர் கொடுத்த பாத்திரம், நகை எதுவும் வேண்டாம், அவனே வைத்துக்கொள்ளட்டும். கட்டின புடவையோடு நீ வந்தால் போதும். பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் காதைக் காட்டுவோம்.

மீதி ஐந்தும் நன்றாக இருக்கின்றன. தொட்டியை நிழலுக்கு மாற்றி, கிணற்றுத் தண்ணீர் புதிதாக விட்டிருக்கிறோம். கரண்ட் போனால் ஊற்றுவதற்கு உன் அம்மாவும் கோதண்டமும் ஆளுக்கொரு சொம்போடு முறை வைத்துக்கொண்டார்கள்.

மலைமேல் இருக்கிறவன் செவ்வாய்க்கிழமைவரை உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும் தாயே. நான் வந்து வாசலில் நிற்கும்போது எனக்கு எதையும் விளக்க வேண்டாம், நடந்ததை மறுபடி சொல்லவும் வேண்டாம். அன்று ரயிலில் சொன்னதே போதும்.

உன் நைனா