ஒன்னாங்கிளாஸ் கரும்பு

இளம்பரிதி சார் அவர்களுக்கு,

நேத்து டிவி பாத்துக்கிட்டே நீங்க கடிச்சுத் துப்புனது வெறும் கரும்பு இல்லீங்க. என் ஒன்னாங்கிளாஸ் பிள்ளைங்களோட பொங்கல் கணக்குப் பாடம். அடியிலேந்து கணுவுக்குக் கணு ஒன்னு, ரெண்டுன்னு பத்து வரைக்கும் நம்பர் ஒட்டி வச்சிருந்தேன். அத உரிச்சுப் போட்டவருக்கு, எதுக்கு ஒட்டியிருக்குன்னு கேக்கத் தோணல. இப்ப பாடம் ஆறுலேந்துதான் ஆரம்பிக்குது. கேட்டா, "பொங்கலுக்குக் கரும்பு திங்காம என்ன பண்ணுவாங்க"ன்னு ஒரு சிரிப்பு வேற. ராத்திரி நான் பேசாம படுத்தது தலைவலியால இல்ல.

இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சாவிய மீட்டர் பாக்ஸ் மேல வச்சுட்டுப் போங்க. போற வழியில பாபநாசம் கடைத்தெருவுல தோகையோட ஒரு கரும்பு வாங்கி, மணி பதினொன்னு ஆகுறதுக்குள்ள ஸ்கூல்ல குடுத்துடுங்க. பத்து கணுவாவது இருக்கணும். எண்ண வரலைன்னா கிளாஸுக்கு உள்ள வாங்க, முதல் வரிசையில எடம் இருக்கு.

மதிவதனி

பி.கு: மிச்சக் கரும்புல ஒரு துண்டு வெட்டி, தோல் சீவி ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன். ஆறாம் நம்பர நானே உரிச்சுட்டேன்.