ஏழு வாரமாய் மாறாத வசனம்

அயனம்பாக்கம்,
வியாழன் காலை.

அன்பு மகன் அரவிந்தனுக்கு, அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் உடம்புக்கு நலம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் குரல் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிடும், நீயும் விடும்மா என்று பேச்சை மாற்றிவிடுவாய், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். ஏழு வாரமாக அப்படித்தான் நிற்கிறது.

நம் வீட்டில் வேத வசனம் எழுதிவைக்கும் பலகை விஷயம் உனக்குத் தெரியும். வசனத்தை ஒப்பித்தால் போதாது, வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அதன்படி நடந்த பிறகுதான் அடுத்த வசனம் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டவளே நான்தான். பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் அதைச் சாட்சியாகச் சொல்லிப் பெயரும் வாங்கினேன். இப்போது பலகையில் இருப்பது பொய்யை விட்டு அடுத்தவரிடம் உண்மை பேசச் சொல்லும் வசனம். அப்பா முதல் வாரமே, கம்பெனியில் மெஷின் நின்றது தன் கவனக்குறைவால்தான் என்று சூப்பர்வைசரிடம் சொல்லி மெமோ வாங்கிக்கொண்டு வந்தார். உன் மகள் நிஷா வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதியதை டீச்சரிடம் ஒத்துக்கொண்டாள். உன் பெண்டாட்டி கவிப்பிரியா என் முகத்துக்கு நேராகவே, அத்தே, எனக்கு உங்க மேல கோவமா கீது, மனசுல வச்சிகினு சிரிக்க முடியல என்றாள். எனக்கு அன்றைக்கு ஆத்திரம்தான் வந்தது. மீதி நான் ஒருத்திதான். அப்பா ஒரு வார்த்தை கேட்பதில்லை, சாக்பீஸ் எழுத்து மங்கும்போதெல்லாம் அதே வசனத்தை மறுபடி எழுதிவிட்டுப் போகிறார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

இனிச் சுற்றி வளைக்க மாட்டேன். நான் குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று நாலு தடவை கூப்பிட்டும் உன் பெண்டாட்டி போனை எடுக்கவில்லை, வந்தும் பார்க்கவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். நான் அவளைக் கூப்பிடவே இல்லை. சாயங்காலம் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வேலை முடிந்து வந்தவள் என் முட்டி வீக்கத்தைப் பார்த்துப் பதறி, முகம்கூடக் கழுவாமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அந்த வாரம் நீ தினமும் அவளோடு பேசினாய், என்னோடு ஒரு நாளும் பேசவில்லை. அந்தப் பொறாமைதான், வேறு காரணம் இல்லை. அவள் அழுது சொல்லியும், எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க என்று நீ கத்தினாயாம். அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. அவள் நிஷாவோடு குமணன்சாவடியில் தன் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நிஷா ஓடிவந்து, ஆயா, இன்னும் அதே வசனமா கீது, யாரு பாக்கி என்றாள். தலையைத் தடவி அனுப்பிவிட்டேன். அன்று மாலையே நீ போனில், அவளுக்குப் போட்ட விசா வேலையை நிறுத்திவிட்டேன், இனி அவள் அங்கேயே கிடக்கட்டும் என்றாய். அப்போதும் உண்மையைச் சொல்லாமல் சரி ராஜா என்றேன் பார், அதுதான் முதல் பொய்யைவிடப் பெரிய பாவம்.

இன்றைக்குப் போகிறேன். அவள் வேலை விட்டு வரும் நேரத்துக்கு பஸ் ஏறிப் போய், அவள் அம்மா முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். கதவைச் சாத்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது, சாத்தினாலும் அது நியாயம்தான். இந்தக் கடிதத்தை நான் உனக்கு அனுப்பப் போவதில்லை, அவள் கையில் கொடுப்பேன். போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவதும் கிழித்துப் போடுவதும் அவள் இஷ்டம். கிழித்தால் அழுதுகொண்டாவது நானே போனில் உனக்குச் சொல்லிவிடுவேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து உன் குடும்பத்தை ஒன்றாக்குவாராக. வெயிலில் நிற்கும்போது தண்ணீர் குடி, ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே. இது உன் கைக்கு வந்திருந்தால் அனுப்பியவள் கவிப்பிரியா. என்னிடம் அப்புறம் கோபித்துக்கொள்ளலாம், முதலில் அவளைக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
எழிலரசி