ஆதிரையின் போத்தலுக்குச் சின்னத் துளைச் சூப்பி

ஸ்காபரோ,
சனி, காலை 9.40

அன்புள்ள கஜீவனுக்கு,

நான் சந்தியிலுள்ள நூலகத்துக்குப் போகிறேன். நான் வீட்டில் நின்றால் ஆதிரை போத்தலைத் தொடமாட்டாள். திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்பமுன் அவள் அப்பாவின் கையால் குடிக்கப் பழகவேண்டும்.

பிழிந்த தாய்ப்பால் பிரிட்ஜின் மேல்தட்டில். சுடுதண்ணீரில் வைத்து இளஞ்சூடாக்குங்கோ, மைக்ரோவேவ் வேண்டாம்.

“பாவம், பிள்ளை இழுத்துக் களைக்குது” என்றுதானே நேற்றுப் போத்தல் வாயில் பெரிய துளைச் சூப்பியை மாட்டினீர்கள்? அதனால்தான் புரைக்கேறியது. என்னிடமும் அவள் இழுத்துத்தான் குடிக்கிறாள், பால் மெதுவாகவே வரட்டும். சின்னத் துளைச் சூப்பி மாட்டியிருக்கிறேன். மடியில் நிமிர்த்தி வைத்து, போத்தலைக் கிடையாகப் பிடியுங்கோ. அழத் தொடங்கமுன் கொடுங்கோ.

“உங்களுக்கு ஒண்டும் தெரியாது” என்று அப்போது நான் கத்தியது பிழை. பயத்தில் வந்த சொல் அது. அவளை முதன்முதல் குளிப்பாட்டியதே நீங்கள்தான், நான் தொடப் பயந்து தள்ளி நின்றேன்.

தர்சிகா

பி.கு.: குடித்து மிஞ்சும் பாலைக் கொட்டிவிடுங்கோ. உங்களுக்குப் புட்டும் மீன்குழம்பும் அடுப்பில்.

இன்னொன்று: குடிக்காவிட்டால் வற்புறுத்தாமல் கூப்பிடுங்கோ, பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன். குடித்துவிட்டாளென்றால் அதையும் சொல்லுங்கோ. ஓடி வரமாட்டேன். அங்கேயே இருந்து கொஞ்சம் அழுதுவிட்டு, ஆறுதலாக வருவேன்.