நீலா பரீட்சை எழுதாத நாள்

அன்பு மகள் புஷ்பாவுக்கு அம்மா எழுதறது. லண்டன் குளிர்ல நீயும் மாப்பிள்ளையும் உடம்பு கெடாம இருக்கணும். இங்க எங்க சுகத்தக் கேக்காத. நாலு வாரமா நான் பேசலன்னு கோவப்பட்டிருப்ப, போனை உங்கப்பா செவுத்துல அடிச்சு உடைச்சுட்டாரு, அதான் இந்தக் கடுதாசிய பக்கத்து வீட்டு பஞ்சாலை அக்கா கையில கொடுத்து கெமாஸ் தபாலாபீஸ்ல போடச் சொல்றேன்.

உன் தங்கச்சி நீலா பள்ளிக்கூடத்துல ஆறாம் படிவப் பரீட்சைக்கு ஒரு இங்கிலீஷ் நாவல் படிச்சாளே, நாட்டையே பயத்துல வெச்சிருந்த ஒருத்தன எதிர்த்து நின்ன அக்கா தங்கச்சிங்க கதை, அத நீதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன்ல அவளுக்கு விளக்கிச் சொன்ன. பயந்தா கடைசி வரைக்கும் பயந்துகிட்டேதான் இருக்கணும்னு சொன்னியாம். அவ அத அப்படியே பிடிச்சுக்கிட்டா. பாரோயிலேருந்து சத்தியசீலன்னு ஒரு லோரி டிரைவர், முப்பத்தாறு வயசு, பொண்ணு பாக்க வந்தான். காப்பித் தட்ட கீழ வெச்சுட்டு, என்னைய யாரும் கேக்கல, எனக்குச் சம்மதம் இல்லன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டா. உங்கப்பா சிரிச்சாரு. தோட்டத்துல மண்டோர் வேலையில நூறு பேர வேலை வாங்கி மேய்க்கிறவரு, அந்தச் சிரிப்பு உனக்குத் தெரியும். வந்தவங்க போனதும் அந்தப் புத்தகத்த அவ கையாலேயே ஒவ்வொரு பக்கமா கிழிக்க வெச்சாரு. நடுவுல அழுதா, அழுத பக்கத்த மறுபடியும் சின்னதாக் கிழின்னாரு.

மூணாம் நாள் பரீட்சை. காலையில அவள ரூம்ல வெச்சுப் பூட்டி, சாவிய என் கையில கொடுத்துட்டு வேலைக்குப் போயிட்டாரு. கதவு திறந்தா நீயும் அவளோடயே வெளிய போயிடுன்னாரு. ஏழு மணிக்குத் தட்ட ஆரம்பிச்சா. அம்மா, அப்பா போயிட்டாரு, திறம்மா, எட்டு மணிக்குப் பரீட்சைம்மான்னா. நான் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில உக்காந்திருந்தேன். திறக்கல. ஒம்பது மணி வரைக்கும் தட்டுனா, அப்புறம் சத்தமே இல்ல. நீ லண்டனுக்கு ஓடுனப்ப உங்கப்பா அடிச்ச அடியில ஒடிஞ்ச என் மணிக்கட்டு இன்னும் நேராகல, அது உனக்குத் தெரியாது. தைரியத்த நீ சொல்லிக் கொடுத்த, அடி விழறப்ப ஆறாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் போத்திக்கிட்டுத் தூங்குன. பயந்தது நான், உன்னைய ஏசி என்ன பண்றது, ஆனா ஏசாம இருக்கவும் முடியல.

மறுவாரமே நீலா வீட்ட விட்டுப் போயிட்டா. மம்பாவ்ல ஹசீனா பேகம்னு ஒரு அம்மா சாப்பாட்டுக் கடை வெச்சிருக்காங்க, அங்க தட்டு கழுவிக்கிட்டு, மாடி ரூம்ல இருந்து படிக்கிறாளாம், வர்ற வருசம் மறுபடியும் எழுதப் போறாளாம். போன செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு பஸ் ஏறிப் போனேன். ஒரு மேசையில உக்காந்தேன். அவளே வந்து துடைச்சா. பால் போடாத டீ, தே ஓ வேணும்னேன், கொண்டாந்து வெச்சா. கை ரெண்டும் சோப்புத் தண்ணியில வெந்து போயிருந்துச்சு. நீலான்னு கூப்பிட்டேன். என் முகத்தப் பாத்து, வேற என்ன வேணுங்கன்னு கேட்டா.

நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க, ஆத்தா துணை இருப்பா. நீலாவுக்கு அந்தக் கடை நம்பருக்குப் போன் பண்ணு, ஆனா எனக்காக எதுவும் பேசாத. இந்த வீட்டுக்குப் பதில் எழுதிடாத, அவரு கையில சிக்கும். 

உன்னைப் பெத்த,
தனலெட்சுமி